ஆடிக் காற்றில் பறக்கும் மேல்மண்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் சங்கரன்கோவில் வட்டாரத்தில் திண்ணையை எத்தனை முறை பெருக்கினாலும் போதாது. காலையில் காயப்போட்ட வெள்ளை வேட்டி மாலைக்குள் பழுப்பேறிவிடும். தண்ணீர்க் குடத்தைத் திறந்து வைக்க முடியாது. இரு சக்கர வாகனத்தில் செல்வோர் கண்ணைத் துடைத்துக்கொண்டே போக வேண்டும். "ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்பது பழமொழி. அம்மி பறப்பதை யாரும் பார்த்ததில்லை. ஆனால் அம்மியைவிட மதிப்பு மிகுந்த பொருள் ஒன்று அந்தக் காற்றில் ஆண்டுதோறும் பறந்துகொண்டிருக்கிறது. அதுதான் மானாவாரி நிலத்தின் மேல்மண்.

ஊர்க்காரர்களுக்கு அது தூசி. உழவருக்கு அது முதல். இந்த இரண்டும் ஒன்றுதான் என்பதை உணர்ந்துகொண்டால், ஊரின் காற்றையும் நிலத்தின் வளத்தையும் ஒரே முயற்சியில் காப்பாற்ற முடியும்.

ஆண்டில் இரு கெட்ட பருவங்கள்

தென்காசி மாவட்டத்தில் உள்ள இந்த ஊரின் காற்று ஆண்டு முழுவதும் ஒரே தன்மையில் இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது மழைத்துளிகள் காற்றில் மிதக்கும் துகள்களைக் கழுவி இறக்கிவிடுகின்றன. நிலமும் ஈரமாக இருப்பதால் தூசி கிளம்புவதில்லை. ஆண்டிலேயே தூய்மையான காற்றை எதிர்பார்க்கக்கூடிய காலம் இதுவே.

காற்று கெடும் பருவங்கள் இரண்டு. ஆனி முதல் ஆவணி வரை வீசும் மேல்காற்றில் வரும் தூசி முதலாவது. மார்கழி முதல் மாசி வரை பனிக் காலத்தில் தங்கும் புகை இரண்டாவது. சாலை வாகனங்கள், கல் உடைக்கும் ஆலைகள், செங்கல் சூளைகள், குப்பை எரிப்பு, விசைத்தறிப் பட்டறைகளின் பஞ்சுத் தூசி என்று இதற்குக் காரணங்கள் பல. அவற்றைக் கட்டுப்படுத்துவது நகராட்சி, ஊராட்சி, அரசுத் துறைகளின் பொறுப்பு. ஆனால் ஊரைச் சுற்றியுள்ள வெற்று நிலங்களிலிருந்து கிளம்பும் தூசியும், வயலில் எரிக்கப்படும் தட்டையின் புகையும் உழவர்களின் கையில் உள்ளவை.

காற்றின் வழி

தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தைக் கடந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போது தன் ஈரத்தின் பெரும்பகுதியை அங்கேயே மழையாகக் கொட்டிவிடுகிறது. மிச்சம் சாரலாகக் குற்றாலத்தையும் செங்கோட்டையையும் நனைக்கிறது. மலையின் கிழக்குச் சரிவில் இறங்கும்போது காற்று வெப்பமடைந்து, உலர்ந்துவிடுகிறது. ஆரியங்காவு கணவாய் என்ற இடைவெளி அதன் வேகத்தையும் கூட்டுகிறது. இதனால் தென்காசியில் சாரல் விழும் நாளில், அங்கிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் உள்ள சங்கரன்கோவிலுக்குக் காற்று மட்டுமே வந்து சேருகிறது. இந்தப் பகுதியில் காற்றாலைகள் பெருகியதற்கும், கயத்தாற்றில் காற்றாலைகளைச் சோதிக்கும் மத்திய அரசின் நிலையம் அமைந்ததற்கும் இக்காற்றே காரணம்.

இந்தக் காற்று வீசும் காலத்தில் மானாவாரி நிலம் எந்த நிலையில் இருக்கிறது? தை, மாசியில் உளுந்து, பாசி, மக்காச்சோளம் அறுவடை ஆகிவிடுகிறது. பருத்தி பங்குனி, சித்திரையில் முடிகிறது. அடுத்த விதைப்பு புரட்டாசியில்தான். இடையில் ஐந்தாறு மாதம் நிலம் போர்வையின்றிக் கிடக்கிறது. காற்று மிகக் கடுமையாக வீசும் மாதங்களும், நிலம் மிக வெறுமையாகக் கிடக்கும் மாதங்களும் ஒன்றாக அமைந்துவிடுவதே இந்த வட்டாரத்தின் சங்கடம்.

மண் பறக்கும் விதம்

காற்று மண்ணை மூன்று விதமாக நகர்த்துகிறது. அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மணிகள் தரையில் உருண்டு செல்கின்றன. அதைவிடச் சிறியவை, ஏறத்தாழ 0.1 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை உள்ளவை, துள்ளித் துள்ளிச் செல்கின்றன. துள்ளி விழும் ஒவ்வொரு மணியும் தரையில் மோதி மேலும் பல மணிகளைக் கிளப்பிவிடுகிறது. மிக நுண்ணிய துகள்கள் மேலெழுந்து காற்றில் மிதந்து, பல கிலோமீட்டர் தூரம் போகின்றன. திண்ணையில் படிவதும் மூச்சில் நுழைவதும் இந்த மூன்றாம் வகையே.

சங்கரன்கோவிலிலிருந்து கிழக்கே குருவிகுளம், கோவில்பட்டி நோக்கிச் செல்லச் செல்லக் கரிசல் மண்ணைக் காணலாம். கரிசல் களிமண் ஆயிற்றே, அது பறக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. கோடையில் கரிசல் வெடித்துக் காயும்போது அதன் மேற்பரப்பு சிறு சிறு மணிகளாக உதிர்கிறது. அம்மணிகள் துள்ளிச் செல்லும் அளவில் இருப்பவை. மோதும்போது உடைந்து நுண்தூளைக் காற்றில் விடுகின்றன. மேற்கே உள்ள செவல் நிலங்களில் மணல் மணிகள் அதே வேலையைச் செய்கின்றன.

தரைக்கு ஓரடி உயரத்தில் காற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டரைத் தாண்டினால் தளர்ந்த மண் நகரத் தொடங்கும். வேகம் இரு மடங்கானால் மண்ணை அரிக்கும் ஆற்றல் எட்டு மடங்காகிறது. இதையே திருப்பிப் பார்த்தால் நம்பிக்கை பிறக்கும். தரைமட்டத்தில் காற்றின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அரிக்கும் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும்.

ஓர் ஏக்கருக்குக் கணக்கு

ஓர் ஏக்கர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு மண் போனால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதன் எடை ஏறத்தாழ 5 டன். போவது எல்லாம் ஒரே தரமான மண்ணும் அல்ல. காற்று முதலில் எடுத்துச் செல்வது இலேசான, நுண்ணிய பகுதியை. அங்ககப் பொருளும், தழைச்சத்தும், மணிச்சத்தும் அதிகமாகத் தங்கியிருப்பது அந்தப் பகுதியில்தான். கனமான மணலும் சரளையும் நிலத்தில் நின்றுவிடுகின்றன. சில நிலங்கள் ஆண்டுக்காண்டு "கல் முளைத்து" வருவதாக முதியவர்கள் சொல்வதன் பொருள் இதுவே. கல் முளைப்பதில்லை, மேலிருந்த மண் இறங்கிவிடுகிறது. ஒரு சென்டிமீட்டர் மேல்மண் இயற்கையாக உருவாக நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

இதன் முடிவு என்னவாகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. அங்குள்ள நடுப் பகுதிச் சமவெளியில் புல்வெளிகளை உழுது கோதுமை பயிரிட்டார்கள். 1930-களில் தொடர்ந்து மழை பொய்த்தது. வெறுமையாகக் கிடந்த நிலத்திலிருந்து மண் புயலாகக் கிளம்பியது. 1934 மே மாதத்தில் அந்தத் தூசி நாட்டின் கிழக்குக் கோடியில் உள்ள நியூயார்க் நகரையே இருட்டடித்தது. இலட்சக்கணக்கானோர் ஊரை விட்டு வெளியேறினர். 1935-இல் மண்வளப் பாதுகாப்புக்கென அங்கே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 1934 முதல் 1942 வரை காற்றுத் தடுப்பு வரிசைகளாகச் சுமார் 22 கோடி மரங்கள் நடப்பட்டன. தட்டையை நிலத்திலேயே விடுவதும், காற்றுக்குக் குறுக்காகப் பட்டை பட்டையாகப் பயிரிடுவதும் அங்கே பழக்கத்துக்கு வந்தன. சங்கரன்கோவிலின் நிலை அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் வெற்று நிலம், வறட்சி, காற்று ஆகிய மூன்றும் கூடினால் நடப்பது எங்கும் ஒன்றே.

கோடை உழவு: எப்போது, எப்படி?

கோடை உழவு கோடி நன்மை தரும் என்பது உண்மை. அது மழைநீரைப் பூமிக்குள் இறக்குகிறது. கூண்டுப் புழுக்களை வெளிக்கொணர்ந்து பறவைகளுக்கும் வெயிலுக்கும் இரையாக்குகிறது. ஆயினும் உழும் முறை தவறினால் அதே உழவு தூசிக்கு விதையாகிவிடும்.

இன்று பலரும் வாடகைக்கு எடுப்பது ரோட்டவேட்டர் என்னும் சுழல் கலப்பை. ஒரே ஓட்டில் மண்ணைப் பட்டுப்போல ஆக்கிவிடுகிறது. வாடகையும் மிச்சம் என்று எண்ணுகிறார்கள். காய்ந்த நிலத்தில் சித்திரை, வைகாசியில் இதை ஓட்டினால் மண்கட்டிகள் எல்லாம் மாவாகிவிடும். அந்த மாவு ஆடி வரை காத்திருக்காது, ஆனியிலேயே பறக்கும். தொடர்ந்து இதையே ஓட்டும் நிலத்தில் அடியில் கடினத் தட்டு உண்டாகி மழைநீர் இறங்குவதும் தடைப்படும். கோடை உழவுக்குக் கீழ்க்காணும் முறைகளைக் கையாளலாம்.

1. கோடை மழை ஒன்று பெய்து நிலத்தில் பதம் இருக்கும்போது உழ வேண்டும். அப்போது மண் கட்டியாகப் புரளும். கட்டி உள்ள நிலம் காற்றின் வேகத்தைத் தரையிலேயே தடுக்கும்.

2. சட்டிக் கலப்பை அல்லது ஐந்து கொத்துக் கலப்பையால் ஒருமுறை உழுதால் போதும். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை உளிக் கலப்பையால் ஆழ உழலாம்.

3. மேல்காற்று மேற்கிலிருந்து வீசுவதால் உழவுச் சால் தெற்கு வடக்காக அமைவது நலம். ஆனால் நிலம் சரிவாக இருந்தால் சரிவுக்குக் குறுக்காகவே உழ வேண்டும். ஐப்பசி மழை கொண்டுபோகும் மண் காற்று கொண்டுபோவதைவிட அதிகம் என்பதை மறக்கக்கூடாது.

4. சுழல் கலப்பையை விதைப்புக்கு முன் ஈரம் உள்ளபோது மட்டும், தேவையானால் பயன்படுத்தலாம்.

கோடை மழை பெய்யாத ஆண்டில் உழாமல் விடுவதே மேல். தட்டையும் அடிக்கட்டையும் நிற்கும் நிலத்தை உழாமல் விட்டால் நட்டமில்லை.

தட்டையை ஏன் எரிக்க வேண்டும்?

மார்கழி, தை மாத இரவுகளில் தரை விரைவாகக் குளிர்ந்துவிடுகிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்கிறது; அதற்கு மேலே உள்ள காற்று சற்று வெப்பமாக இருக்கிறது. இது பானைக்கு மூடி போட்டதுபோல் ஆகிறது. மாலையில் வைத்த தீயின் புகை மேலே போகாமல் விடியும்வரை ஊரின் மேல் தங்குகிறது. 2018-ஆம் ஆண்டு போகியன்று சென்னை விமான நிலையத்தில் புகையும் பனியும் சேர்ந்து விமானப் போக்குவரத்தே பாதிக்கப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். சிற்றூரில் விமானம் இல்லை. மூச்சு விடும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

ஒரு டன் நெல் வைக்கோலில் ஏறத்தாழ 5.5 கிலோ தழைச்சத்தும், 2.3 கிலோ மணிச்சத்தும், 25 கிலோ சாம்பல் சத்தும் உள்ளன. எரித்தால் தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் புகையோடு போய்விடும். சாம்பல் சத்து சாம்பலில் தங்கும். ஆனால் அந்தச் சாம்பல் காற்றில் பறந்துபோக எவ்வளவு நேரம் ஆகும்? இவற்றோடு ஒரு டன் வைக்கோல் எரிந்தால் சுமார் 3 கிலோ நுண்துகளும் 60 கிலோ கார்பன் மோனாக்சைடும் காற்றில் கலக்கின்றன. மக்காச்சோளத் தட்டைக்கும் பருத்தி மாருக்கும் அளவு மாறலாம். நட்டத்தின் தன்மை ஒன்றே.

பருத்தி மாரை எரிக்காவிட்டால் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அடுத்த பயிருக்கும் வருமே என்று உழவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அந்தப் புழு பெரும்பாலும் தங்குவது வெடிக்காத காய்களிலும் விதைகளிலும்தான். கடைசி எடுப்பு முடிந்ததும் ஆட்டுக்கிடை போட்டால், ஆடுகள் மிச்சமுள்ள காய்களையும் இலைகளையும் தின்றுவிடும். புழுவும் அழியும், புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்குக் கிடைக்கும். பிறகு மாரைக் காலம் கடத்தாமல் தண்டு தூளாக்கும் கருவியால் தூளாக்கி நிலத்திலேயே பரப்பலாம். மாரை வரப்பில் அம்பாரமாகக் குவித்து அடுத்த பருவம் வரை வைத்திருப்பதுதான் தவறு. கருவி வாடகைக்குக் கிடைக்கும் விவரத்தை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டறியலாம்.

நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு தட்டையால் மூடியிருந்தாலே காற்றரிப்பு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்துவிடும். படுத்த தட்டையைவிட நின்ற அடிக்கட்டை மேலும் சிறந்தது. ஆகவே சோளம், மக்காச்சோளம் அறுக்கும்போது தரையோடு அறுக்காமல் ஒரு சாண் உயரம் விட்டு அறுக்கலாம். மாட்டுத் தீவனத்துக்கு நுனிப்பகுதி கிடைக்கும். நிலத்துக்கு அடிப்பகுதி காவலாக நிற்கும்.

கிணற்று வசதி உள்ளவர்கள் தட்டையை இரண்டு அங்குல நீளத் துண்டுகளாக நறுக்கி மக்க வைக்கலாம். ஒரு டன் கழிவுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயோமினரலைசர் 2 கிலோவை 20 லிட்டர் நீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, நான்கடி உயரக் குவியலாக அமைக்க வேண்டும். சாணக் கரைசல் சேர்த்தால் நலம். கையில் எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் நீர் கசிய வேண்டும், சொட்டக்கூடாது. அதுவே சரியான ஈரம். பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும். பருத்தி மார் கட்டையானது என்பதால் மற்றவற்றைவிடக் கூடுதல் நாட்கள் எடுக்கும்.

கோடையில் ஒரு பச்சைப் போர்வை

கோடையில் வளரும் பசுந்தாள் உரப் பயிர் கொழுஞ்சி. வறட்சியைத் தாங்கும், ஆடு மாடுகள் இதை விரும்பி மேய்வதில்லை. ஒருமுறை விதைத்த நிலத்தில் விதை உதிர்ந்து தானாகவே முளைக்கும். எக்டேருக்கு 15 முதல் 20 கிலோ விதை போதும். விதையின் மேல்தோல் கடினமானது என்பதால் மணலோடு சேர்த்துத் தேய்த்து விதைத்தால் முளைப்பு நன்றாக இருக்கும். அறுவடைக்குப் பின் நிலத்தில் மிஞ்சிய ஈரத்திலோ கோடை மழையிலோ இதை விதைத்து, ஆடிக் காற்று ஓயும்வரை நிற்க விட்டு, புரட்டாசி விதைப்புக்கு முன் முதல் மழையில் மடக்கி உழலாம். காற்றுக்குத் தடுப்பு, பயிருக்குத் தழைச்சத்து என இரண்டும் கிட்டும். மானாவாரிச் சாகுபடி பற்றிய மற்ற ஐயங்களுக்குக் கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம். மானாவாரிக் கரிசலுக்கென்றே நெடுங்காலமாகப் பணியாற்றி வரும் நிலையம் அது.

மேற்கு வரப்பில் மரவரிசை

காற்றுத் தடுப்பு மரவரிசை தன் உயரத்தைப் போல் பத்து முதல் இருபது மடங்கு தூரம் வரை காற்றின் வேகத்தைக் குறைக்கும். ஐந்து மீட்டர் உயர மரங்கள் 50 மீட்டருக்குக் குறையாமல் காக்கும். சதுரமான ஓர் ஏக்கரின் ஒரு பக்கம் ஏறத்தாழ 64 மீட்டர். ஆகவே மேற்கு வரப்பில் ஒரே ஒரு வரிசை இருந்தாலும் ஓர் ஏக்கர் நிலத்தின் பெரும்பகுதி பாதுகாப்புப் பெறும்.

மதில் சுவர்போல் அடைத்து நட வேண்டும் என்பதில்லை. காற்றில் பாதியளவு புகுந்து போகும்படி இருப்பதே நல்லது. முழுவதும் அடைத்தால் காற்று மேலே எழும்பி, மறுபுறம் சுழன்று விழுந்து பயிரைச் சாய்க்கும். நீர் வசதி உள்ள தோட்டங்களுக்குச் சவுக்கு ஏற்றது. மானாவாரி வரப்புக்கு வேம்பும் பனையும் ஏற்றவை. அவற்றுக்கு அடியில் கிளுவை வேலி அமைத்தால் தரைமட்டக் காற்றும் தடைப்படும்.

மரத்தின் நிழலிலும் வேரிலும் ஒன்றிரண்டு வரிசைப் பயிர் குன்றும் என்பது உண்மையே. மற்ற வரிசைகளில் ஈரம் காய்வது குறைந்து மகசூல் கூடுவதால் அது ஈடாகிவிடும். பனைக்கு நிழல் மிகக் குறைவு. ஆனால் பயன் தரப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இருக்கும் பனையை வெட்டாமல் காப்பதே முதல் வேலை. மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக்கூடாது என்று 2021-ஆம் ஆண்டு தமிழக அரசின் வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டுள்ளது.

மல்லிகை, எலுமிச்சைத் தோட்டம் வைத்திருப்போருக்கு மரவரிசை மேலும் ஒரு வகையில் உதவும். தூசி படிந்த இலைகளில் செஞ்சிலந்தி எளிதில் பெருகும். அதைத் தின்னும் நன்மை செய்யும் பூச்சிகளுக்குத் தூசி ஆகாது. தூசி குறைந்தால் மருந்துச் செலவும் குறையும்.

மூச்சுக்கு எவ்வளவு தாங்கும்?

மனிதனின் தலைமுடி 50 முதல் 70 மைக்ரான் பருமன் உடையது. 10 மைக்ரானும் அதற்குக் குறைந்ததுமான தூசி மூக்கைத் தாண்டி மூச்சுக்குழாய்க்குள் செல்லும். 2.5 மைக்ரானுக்குக் குறைந்தது நுரையீரலின் அடிவரை போய்த் தங்கும். ஆடித் தூசியில் முதல் வகை மிகுதி. தைப் புகையில் இரண்டாம் வகை மிகுதி.

நம் நாட்டில் 2009-இல் வகுக்கப்பட்ட தர அளவின்படி, ஒரு கன மீட்டர் காற்றில் 10 மைக்ரான் துகள் நாள் சராசரியாக 100 மைக்ரோகிராமையும், 2.5 மைக்ரான் துகள் 60 மைக்ரோகிராமையும் தாண்டக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அறிவித்த அளவுகள் இதைவிடக் கடுமையானவை. முறையே 45, 15 மைக்ரோகிராம். தமிழகத்தில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகிய நகரங்கள் தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளன. சிறு ஊர்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டியுள்ளது.

கதிரடிக்கும் இயந்திரத்தின் அருகிலும், காய்ந்த நிலத்தில் டிராக்டரிலும் வேலை செய்வோர் மற்ற எவரையும்விட அதிகத் தூசியைச் சுவாசிக்கின்றனர். தலைத்துண்டை மூக்கில் கட்டுவது பெரிய தூசியை மட்டும் தடுக்கும். மருந்துக் கடைகளில் கிடைக்கும் என்-95 முகக்கவசம் அணிவது பாதுகாப்பு. இயந்திரத்தை வைக்கும்போது தூசி வெளிப்படும் பக்கம் கிழக்கே இருக்கும்படி, ஆட்கள் மேற்கே நிற்கும்படி அமைத்தால் மேல்காற்றே தூசியை அப்பால் கொண்டுசெல்லும். பனிக் காலத்தில் காற்றின் திசை மாறும் என்பதால், அன்றன்று ஒரு பிடி உமியைத் தூற்றிப் பார்த்து இடத்தைத் தீர்மானிக்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களையும் குழந்தைகளையும் களத்துக்கு அழைத்து வரக்கூடாது. இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுவதில் தாமதம் கூடாது.

கூட்டாகச் செய்தால் பலன்

ஓர் உழவர் மட்டும் தட்டையை விட்டு வைத்து, மேற்கே உள்ள பத்துப் பேர் சுழல் கலப்பை ஓட்டினால் அவர் நிலத்திலும் தூசி வந்து விழும். ஆகவே ஒரு கிராமத்தில் மேல்காற்று முதலில் தொடும் மேற்கு எல்லை நிலங்களிலிருந்து தொடங்குவது சிறந்தது. உழவர் ஆர்வலர் குழுக்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் தண்டு தூளாக்கும் கருவியைப் பொதுவில் வாங்கி முறை வைத்துப் பயன்படுத்தலாம். கண்மாய்க் கரையிலும் வண்டிப்பாதை ஓரத்திலும் வேம்பும் பனையும் நட ஊராட்சியின் உதவியைக் கோரலாம்.

சங்கரநாராயணர் கோயிலில் புற்று மண்ணே பிரசாதம். ஆடித் தபசுக்கு வரும் மக்கள் அந்த மண்ணை மடித்து எடுத்துச் சென்று வீட்டில் பத்திரமாக வைத்திருப்பது வழக்கம். அதே ஆடி மாதத்தில் ஊரைச் சுற்றியுள்ள நிலங்களின் மண் டன் கணக்கில் பறந்து போகக்கூடாது. வரும் தையில் அறுவடை முடிந்ததும் தீக்குச்சியை எடுக்காமல் இருப்பதும், சித்திரையில் காய்ந்த நிலத்தில் சுழல் கலப்பையை இறக்காமல் இருப்பதும் செலவில்லாத வேலைகள். இந்த இரண்டிலிருந்து உழவர் பெருமக்கள் தொடங்குவார்களானால், அடுத்த ஆடியிலேயே திண்ணையில் வித்தியாசம் தெரியும். அதற்கடுத்த ஆண்டுகளில் களத்திலும் தெரியும்.